அப்பாவின் மனைவியை எப்படிக் கூப்பிடுவது?

போன இதழில் ‘கட்டா மீட்டா’ என்ற பழைய இந்திப் படத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். மனைவியை இழந்த ஒரு பார்சிக்காரரும் கணவரை இழந்த ஒரு பார்சி அம்மாவும் பிள்ளைகள் வளர்ந்த பிறகு கல்யாணம் செய்துகொள்ளும் கதை. அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. அதனால் இந்தத் தடவை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டேன். பல்லி விழுந்த பலன் கேட்டவர் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளவும்.

“அக்கா, எனக்கு 39 வயது. ஊர் கருங்கல் பக்கம், வேலை மஸ்கட்டில். அம்மா இறந்து நாலு வருஷம் ஆகிறது. 67 வயதாகும் அப்பா, அருமனையில் இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற நர்ஸம்மாவைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறார். தங்கச்சி மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. நீங்கள் சொன்ன படத்தைப் பார்த்தேன். கடைசியில் எல்லாரும் ஒன்றாகிவிடுகிறார்கள். நிஜத்தில் அப்படி நடக்குமா? நான் அவர்களை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும்?”

தம்பி, முதலில் தங்கச்சியைச் சாப்பிடச் சொல்லுங்கள். அப்பா கல்யாணத்தை நிறுத்தப் பட்டினி கிடந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். கல்யாணம் நடந்தது. அவளுக்கு அல்சர்தான் மிச்சம்.

படத்துக்கு வருகிறேன். 1978-இல் வந்தது. எடுத்தவர் பாசு சாட்டர்ஜி. சினிமாவுக்கு வரும் முன் ‘பிளிட்ஸ்’ பத்திரிகையில் பல வருஷம் கார்ட்டூன் போட்டவர். அதனாலோ என்னவோ, ஒரு ஆளை ரெண்டு கோட்டில் காட்டிவிடுவார். அசோக் குமாருக்கு நாலு மகன்கள். பேர்ல் பதம்ஸீக்கு ரெண்டு மகன், ஒரு மகள். ஆக ஒரே கூரைக்குக் கீழே ஏழு பிள்ளைகள், அதில் பாதிக்கு மேல் மீசை முளைத்தவர்கள். நம் படமாக இருந்தால் தாலி கட்டியதும் ‘சுபம்’ போட்டுத் தியேட்டரில் லைட்டைப் போட்டுவிடுவார்கள். இதில் கல்யாணத்துக்குப் பிறகுதான் கதையே சூடு பிடிக்கிறது. ஜோடிக்குள் பெரிய பிரச்சினை ஒன்றும் இல்லை. அவர்களோடு வந்து சேர்ந்த பிள்ளைகளுக்குத்தான் ஒருவர் இருப்பு இன்னொருவருக்கு இடிக்கிறது.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது எண்பதுகளின் கடைசியில், நாகர்கோவில் பார்வதிபுரத்தில், பக்கத்து வீட்டில். கருப்பு வெள்ளை டி.வி. ஆன்டெனா திருவனந்தபுரத்தைப் பார்த்து நிற்கும். காற்றடித்தால் அசோக் குமார் ரெண்டு பேராகத் தெரிவார். எனக்கு இந்தி தெரியாது. பம்பாயில் வேலை பார்த்துத் திரும்பிய மாமா ஒருவர் உட்கார்ந்து அர்த்தம் சொல்வார். அவருக்கும் பாதிதான் தெரியும் என்பது பிறகுதான் புரிந்தது. படத்தில் ஒருத்தி நாலு நிமிஷம் அழுது பேசினால், “ஒண்ணுமில்ல மக்கா, சும்மா ஏசுதா” என்பார். அன்றைக்கு அந்த வயதான ஜோடியைப் பார்த்துச் சிரித்ததில் நானும் ஒருத்தி. ‘இந்த வயசுல இதுகளுக்கு இது தேவையா’ என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு அப்போது 32. முதல் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் 27 வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற பிறகு, 2014-இல் 59 வயதில் எனக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. அவர் குலசேகரத்துக்காரர், ரப்பர் தோட்டத்தில் கணக்கராக இருந்தவர். மகன் துபாயில், மகளைக் கட்டிக்கொடுத்தது தொடுவெட்டியில். வீட்டுக்குப் பின்னால் கொடியில் ரப்பர் ஷீட் காயும். அந்த வாடை பழகவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. பிறகு ஒரு நாள் செல்போனில், சப்டைட்டிலோடு, அதே படத்தை மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை ஜோடியைப் பார்க்கவே தோன்றவில்லை. அந்தப் பிள்ளைகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் அதற்குள் ஒரு பெரிய தப்பைச் செய்து முடித்திருந்தேன். போன முதல் வாரமே அடுக்களையை ஒழுங்குபடுத்தினேன். ரிக்கார்டு ரூமில் இருந்தவளுக்குக் கை சும்மா இருக்குமா? ஜன்னல் பக்கம் கிடந்த தேங்காய் துருவியை எடுத்து அலமாரிக்கு அடியில் வைத்தேன். பரண் மேலே ஒரு பழைய உப்புமாங்காய்ப் பரணி இருந்தது. உள்ளே மாங்காய் ஒன்றும் இல்லை, அடியில் கொஞ்சம் கலங்கிய உப்புத்தண்ணி. கொட்டி, கழுவி, வெயிலில் கவிழ்த்தேன்.

அடுத்த மாதம் மகன் லீவில் வந்தான். அடுக்களைக்குள் வந்து ஜன்னல் பக்கம் கையை நீட்டினான். கை வெறுமனே திரும்பியது. அப்புறம் பரணைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் மரச்சீனிக்கிழங்கும் சாளைக் குழம்பும் வைத்திருந்தேன். “வயிறு சரியில்லை” என்று சொல்லிவிட்டு ஜங்ஷனில் போய்ப் புரோட்டா சாப்பிட்டான். ராத்திரி இவர் சொன்னார்: அது அவன் அம்மா கடைசியாகப் போட்ட மாங்காய். மாங்காய் தீர்ந்து மூன்று வருஷம் ஆகியும் அந்தத் தண்ணியைக் கொட்ட யாருக்கும் மனசு வரவில்லை. காலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை” என்றான். அந்தப் பரவாயில்லை என் காதில் இன்னும் முடியவில்லை.

அதனால் தம்பி, இப்படிச் செய்யுங்கள். அம்மாவின் சாமான்களில் எதை யாரும் தொடக்கூடாது என்று உங்களுக்கும் தங்கச்சிக்கும் தோன்றுகிறதோ, அதைக் கல்யாணத்துக்கு முன்பே எடுத்து உங்கள் வசம் வைத்துக்கொள்ளுங்கள். புடவை, கண்ணாடி, மூக்குப்பொடி டப்பா, எதுவானாலும் சரி. அம்மா பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரங்கள் இருக்குமே, அதில் முக்கியமான நாலைத் தங்கச்சி கொண்டுபோகட்டும். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடவும் வேண்டாம், அப்பாவுக்கும் அது மனைவி வீட்டுப் பாத்திரம்தான். நான் இன்றைக்கும் இன்னொருத்தி பெயர் வெட்டிய செம்பில்தான் தண்ணீர் குடிக்கிறேன். தண்ணீர் தண்ணீராகத்தான் இருக்கிறது. அருமனையம்மாவிடமும் யாராவது பக்குவமாகச் சொல்லுங்கள்: ஆறு மாதத்துக்கு அந்த அடுக்களையில் ஒரு கரண்டியைக்கூட இடம் மாற்றாதீர்கள் என்று.

கூப்பிடுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இது சின்ன விஷயம் இல்லை. ‘சித்தி’ என்பது அம்மாவின் தங்கைக்கும் உரிய நல்ல சொல்தான். ஆனால் நம் கதைகள் எல்லாம் சேர்ந்து அந்தச் சொல்லுக்குப் பல் முளைக்க வைத்துவிட்டன. 39 வயது ஆணை ‘அம்மா’ என்று கூப்பிடச் சொல்வது கொடுமை. ‘ஆன்ட்டி’ என்றால் டியூஷன் எடுக்க வந்தவர் மாதிரி இருக்கும். குலசேகரத்து மகன் என்னை எதுவுமே சொல்லிக் கூப்பிட மாட்டான். நான் திரும்பும் வரை காத்திருப்பான், இல்லையென்றால் தொண்டையைச் செருமுவான். போனில் நான் எடுத்தால், “அப்பா இருக்காங்களா?” மருமகள் பாடு சுலபம், முதல் நாளே ‘அத்தை’ என்றுவிட்டாள்.

கடைசியில் வழி கண்டுபிடித்தது அவன் பிள்ளை. அதற்கு அம்மா வழியில் ஒரு அம்மச்சி உண்டு, படத்தில் மாலை போட்டு ஒரு அம்மச்சி உண்டு. மூன்றாவதாக நான். நம் பக்கம் பாட்டிமாரை ஊர்ப் பெயர் சேர்த்துத்தானே சொல்வோம்? நான் ‘பார்வதிபுரம் அம்மச்சி’ ஆனேன். இப்போது மகனும் பிள்ளையிடம், “பார்வதிபுரம் அம்மச்சிகிட்ட குடு” என்று போனைக் கொடுக்கச் சொல்கிறான். நீங்கள் ‘அருமனையம்மா’ என்று தொடங்கிப் பாருங்கள். நான் மேலே அப்படித்தான் எழுதிவிட்டேன், கவனித்தீர்களா? அம்மாவும் இருக்கிறது, ஊரும் இருக்கிறது, யார் இடத்தையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

படத்தில் மாதிரி நடக்குமா என்றால், படம் ரெண்டு சொச்சம் மணி நேரம். நாங்கள் தொடங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, பாதி தூரம் வந்திருக்கிறோம்.

“அப்பாவுக்கு 70. எங்களுக்கு வீடும் 52 சென்ட் தென்னந்தோப்பும் உண்டு. கல்யாணம் வேண்டுமானால் செய்துகொள்ளட்டும், அதற்கு முன் எல்லாவற்றையும் எங்கள் பெயரில் எழுதிவிடட்டும் என்கிறான் அண்ணன். இப்படிக் கேட்பது தப்பா அக்கா?” (ஒரு மகள், தக்கலை)

கேட்பது தப்பில்லை. கேட்காமல் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு, வெளியே ‘ஊர் என்ன சொல்லும்’ என்று பேசுவதுதான் தப்பு. என் மேஜைக்கு முன்னால் வந்து நின்ற குடும்பங்களில் ‘ஊர்’ என்று சொன்னவர்கள் பாதிப் பேர் சொல்ல வந்தது ‘தோப்பு’ என்பதைத்தான்.

இது நமக்குப் புதிதும் இல்லை. நாஞ்சில் நாட்டில் சொத்து பிள்ளைக்குப் போகாமல் மருமகனுக்கு, அதாவது அக்கா தங்கை மகனுக்கு, போன காலம் ஒன்று இருந்தது. அந்தக் கூத்தைத் தேரூர் கவிமணி ‘மருமக்கள்வழி மான்மியம்’ என்று பாடியதும், அதைச் சொல்பவள் ஒருவரின் ஐந்தாவது மனைவி என்பதும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். சிரிக்க வைக்கிற பாட்டு, ஆனால் உள்ளே இருப்பது முழுக்க நிலத்தகராறு.

சட்டம் சொல்கிறேன். உங்கள் அப்பா இந்து, சொத்து அவர் சொந்தமாகச் சம்பாதித்தது என்று வைத்துக்கொள்வோம். அவர் எதுவும் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு ஒரு பங்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பங்கு. அப்பாவின் அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒன்று. மனைவி முதல் தாரமா ரெண்டாம் தாரமா என்று சட்டம் பார்ப்பதில்லை, கல்யாணம் செல்லுபடியாக வேண்டும், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் அண்ணன், நீங்கள், வரப்போகிறவர் என்று மூன்று பேர் என்றால் மூன்றில் ஒன்று. அண்ணனைப் பயமுறுத்துவது இந்தக் கணக்காக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் இப்போதே தான செட்டில்மெண்டாக எழுதி வாங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எழுதிக்கொடுத்த மறு வருஷம் கக்கத்தில் குடையோடு வந்து, “ரத்து பண்ண முடியுமா பிள்ளே?” என்று கேட்ட பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருதலையாக ரத்து செய்ய முடியாது. 2007-இல் வந்த மூத்த குடிமக்கள் சட்டத்தில் ஒரு வழி உண்டு, பராமரிப்பதாக நிபந்தனை போட்டு வாங்கிவிட்டுப் பராமரிக்கவில்லை என்றால் அந்தப் பத்திரத்தை செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். ஆனால் 70 வயதில் அதற்கு யார் அலைவது?

இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று உயில். முத்திரைத்தாள் வேண்டாம், ரெண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுவது நல்லது. தோப்பு பிள்ளைகளுக்கு, வீட்டில் மனைவி அவர் ஆயுள் வரை இருந்துகொள்ளலாம், பிறகு வீடும் பிள்ளைகளுக்கு என்று எழுதலாம். செட்டில்மெண்டுதான் வேண்டும் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றால், தோப்பை மட்டும் எழுதி, அப்பாவின் ஆயுள் வரை அனுபோக உரிமை அவருக்கே என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி இல்லாத பத்திரம் எத்தனை பேரைத் திண்ணைக்கு அனுப்பியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். எழுதியதை வரப்போகிற அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவர் முகம் சுளித்தால் அதுவும் முன்கூட்டியே தெரிந்ததாக இருக்கட்டும்.

“நான் கத்தோலிக்கன், குளச்சல். அவர் இந்து, இரணியல். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ரிஜிஸ்தர் ஆபீசில் செய்தால் நோட்டீஸ் ஒட்டுவார்களாமே? வெட்கமாக இருக்கிறது.”

ஒட்டுவார்கள். 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம் அப்படி. உங்களில் ஒருவராவது அந்த எல்லைக்குள் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். பிறகு மூன்று சாட்சிகளோடு போய்க் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. முந்தைய துணையின் இறப்புச் சான்றிதழை மறக்காதீர்கள், ரெண்டு பேருமே.

ஆட்சேபணை யாரும் சொல்லலாம், ஆனால் சட்டம் ஏற்பது சில காரணங்களைத்தான்: துணை உயிரோடு இருப்பது, வயது குறைவு, சம்மதம் தரும் மனநிலை இல்லாதது, சட்டம் விலக்கிய நெருங்கிய உறவு. ‘வயதாகிவிட்டது’ என்பது ஆட்சேபணை இல்லை. 21-க்கும் 18-க்கும் கீழே கோடு போட்டிருக்கிறார்களே தவிர, மேலே கோடு போடவில்லை. இன்னொன்று: இந்துவும் கிறிஸ்தவரும் இந்தச் சட்டத்தில் கல்யாணம் செய்தால் வாரிசுரிமை 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி போகும். உயில் இல்லாவிட்டால் துணைக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு.

வெட்கத்துக்கு வருகிறேன். நோட்டீஸ் பலகையில் குண்டூசி குத்தியவள் நான். அதை வாசிக்கிறவர்கள் ரொம்பக் குறைவு, வில்லங்கச் சான்றிதழுக்குக் காத்திருந்து போரடித்தவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மூன்று வாரம் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பதைக் கேட்கிற கூட்டத்தில் அது பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. உங்கள் குளச்சலில் ஓலை வாசித்தால் கடற்கரை வரைக்கும் போய்விடும், இது பலகையோடு நிற்கும்.

“வயது 54. அரசு ஊழியரான கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறேன். மறுமணம் செய்தால் நிற்குமா?” (திங்கள்சந்தை)

நிற்கும். தமிழ்நாடு அரசு விதியில், இறக்கும் வரை அல்லது மறுமணம் வரை என்றுதான் இருக்கிறது. தகுதியுள்ள, 25 வயது ஆகாத பிள்ளை இருந்தால் அவருக்குப் போகும். மறுமணம் செய்யவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்கிக்கொண்டே இருந்தால், தெரியவரும்போது மொத்தத்தையும் திருப்பிக் கேட்பார்கள். முதல் கணவரிடமிருந்து ஏற்கெனவே உங்களுக்கு வந்து சேர்ந்த சொத்து மறுமணத்தால் போகாது, அதில் பயம் வேண்டாம்.

மனைவியின் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் ஆணுக்கும் இதே விதிதான். ஆனால் அப்படி வாங்குகிற ஆண்கள் நம் பக்கம் எத்தனை பேர்? அடி விழுவது பெண்கள் மேல்தான். இதற்காகவே தாலி கட்டாமல், ‘துணைக்கு இருக்கா’ என்ற பெயரில் ஒரே வீட்டில் காலம் தள்ளுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் மாதத் தொகையைத் தாளில் எழுதி, வரப்போகிறவரின் முன்னால் வைத்துப் பேசுங்கள். அந்தத் தாளைப் பார்த்து அவர் என்ன சொல்கிறார் என்பதிலேயே பாதி பதில் இருக்கும்.

“இப்படிப் படங்கள் தமிழில் ஏன் இல்லை?” (வடசேரி)

இல்லாமல் என்ன? 1980-இல் நடிகை லட்சுமி இயக்கிய ‘மழலைப் பட்டாளம்’ இருக்கிறதே, பிள்ளைக் கூட்டத்தோடு இருக்கும் ரெண்டு பேர் சேரும் கதை. ‘கௌரி மனோகரியைக் கண்டேன்’ அதில்தான். 2022-இல் வந்த ‘வீட்ல விசேஷம்’ வேறு விதம்: வயதுக்கு வந்த மகன் இருக்கும்போது ஊர்வசி கர்ப்பமாவார், சத்யராஜ் தலைகுனிந்து நிற்பார். அது இந்தியில் வந்த ‘பதாயி ஹோ’வின் தமிழ். நமக்கு மலையாளமும் கைக்கெட்டும் தூரம்தானே, 2001-இல் வந்த ‘இஷ்டம்’ பாருங்கள். மகன் திலீப், அப்பா நெடுமுடி வேணுவுக்குக் கல்யாணம் பேசி முடிப்பார். அதைப் பிரியதர்ஷன் 2008-இல் இந்திக்குக் கொண்டுபோனார். எனக்கு மலையாளம்தான் பிடித்தது. வேணு வெட்கப்பட்டால் நமக்கும் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

“உங்கள் வீட்டுக்காரர் ‘கட்டா மீட்டா’ பார்த்தாரா? என்ன சொன்னார்?” (பெயர் போடாத வாசகி, குழித்துறை)

பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். அரை மணி நேரத்தில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். குல்ஸார் எழுதிய ‘தோடா ஹை’ பாட்டு வந்தபோது மட்டும் கண் திறந்தார். என்ன அர்த்தம் என்று கேட்டார். “கொஞ்சம் இருக்கு, இன்னும் கொஞ்சம் வேணும்னு பாடுதாங்க” என்றேன்.

“என்னது, சக்கறமா (பணமா)?” என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கினார்.